சுவிட்சுக்குப் பின்னால் நீ ஒளித்து வைத்த ஏழு பெட்டிகள்

நலமா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. புது வீட்டின் படங்களை நாள் தவறாமல் போனில் அனுப்புகிறாய். எல்லாவற்றிலும் நீயும் உன் பெண்டாட்டியும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நலமாகத்தான் இருக்கிறீர்கள். வைகாசியில் பால் காய்ச்சுகிறாயாம், நான் ஒரு வாரம் முன்னதாகவே பெங்களூர் வந்துவிட வேண்டுமாம், வந்த பிறகு திரும்பிப் போக வேண்டாமாம், வண்ணார்பேட்டை வீட்டை விற்றுவிடலாமாம். அதெல்லாம் உன் ஆசை, சொல்லிக்கொள். ஆனால் அதற்கு நீ ஒரு காரணம் சொன்னாயே, அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. "எம்மா, அந்த வீடு பழசாயிட்டு. இன்னிக்கு வேலைக்காரம்மா விழுந்தா. நாளைக்கு நீ விழுவ." இதைச் சொல்ல உனக்கு நாக்குக் கூசவில்லையா? போனிலேயே உன்னைக் கேட்டிருப்பேன். நீ பாதியில் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உன் பெண்டாட்டியும் படிக்கட்டும், அவளைப் பெற்றவர்களும் படிக்கட்டும். எனக்கு இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு நீ வந்தபோது கொண்டுவந்தாயே ஓர் அட்டைப் பெட்டி, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒன்பது குட்டிப் பெட்டிகள். ரிலே என்றாய். பழைய சுவிட்சை மாற்ற வேண்டாம், சுவரை இடிக்க வேண்டாம், சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இதை ஒளித்து வைத்துவிட்டால் போதும், இங்கே சுவிட்சைத் தட்டினாலும் லைட் எரியும், பெங்களூரில் இருந்து போனைத் தட்டினாலும் எரியும் என்றாய். "நீ தனியா இருக்க. அங்கன இருந்தே உன்னயப் பாத்துக்கிடலாம்லா" என்றாய். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு நாள் வந்து போகிற மகன், என்னைப் பார்த்துக்கொள்ள ஒன்பது பெட்டிகளை நியமித்துவிட்டுப் போகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

மாட்டுவதற்கு மேலப்பாளையத்தில் இருந்து மைதீன் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். நீ காலேஜ் போகிற காலத்தில் இருந்து நம் வீட்டு எலெக்ட்ரிக் வேலை எல்லாம் அவர்தான். ஹாலில் இரண்டு ரிலேயை அரை மணி நேரத்தில் மாட்டினார். அடுத்து அடுப்படி லைட் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "தம்பி, ஹால் பெட்டியில பிளக் இருக்கு, அதனால அங்கன நியூட்ரல், கரண்டு திரும்பிப் போற வயர், வந்திருக்கு. இதுல எர்த்து போக ரெண்டு வயர்தான் எறங்குது. ஒண்ணு கரண்ட கொண்டு வருது, இன்னொண்ணு லைட்டுக்குக் கொண்டு போவுது. நியூட்ரல் மேலோடியே லைட்டுக்குப் போயிட்டு. அந்தக் காலத்து வீடு பூரா இப்பிடித்தான். ஒங்க சாமானுக்கு நியூட்ரல் வேணும். மேல இருந்து புது வயர் இழுக்கணும், சொவரக் குத்தணும். ரெண்டு நாள் வேல." நீ உடனே போனை எடுத்து ஏதோ வீடியோவைக் காட்டி, பெட்டிக்குள் இருக்கிற எர்த் வயரிலேயே நியூட்ரலைக் கொடுத்துவிடலாமே, இவன் கொடுக்கிறானே என்றாய். அண்ணாச்சி அந்த வீடியோவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "எர்த்து ஆளக் காப்பாத்த இருக்கது தம்பி. அதுல கரண்ட விடச் சொல்லாதீய. அதுவும் இந்த வீட்டு எர்த்து உசுரோட இருக்கான்னே எனக்குச் சந்தேகம்" என்றார்.

அவருக்கு ஏன் சந்தேகம் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழி இருந்தது. உன் அப்பா குளித்து முடித்ததும் இரண்டு வாளித் தண்ணீரை அதில் ஊற்றாமல் உள்ளே வரமாட்டார். மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும் என்று எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பார். அவர் போன பிறகு, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குப் புறவாசலில் பந்தி போட இடம் சரியில்லை என்று நான்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டுப் புறவாசல் முழுக்கச் சிமெண்ட் போடச் சொன்னேன். குழியையும் சேர்த்து மூடினார்கள். சொந்தக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், புறவாசல் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடமே மைதீன் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒரு சாண் சதுரத்துக்காவது ஒடச்சு விடுங்க" என்றார். பார்க்கலாம் அண்ணாச்சி என்றேன். பார்க்கவில்லை. ஆகவே இந்தக் கதையில் உன் பங்கு மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டு படிக்காதே, என் பங்கு உனக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு அண்ணாச்சி சொன்னதற்கு நாம் இருவரும் என்ன செய்தோம்? உனக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில். எனக்குப் பொங்கலுக்கு அடித்த புது வெள்ளை. சுவரைக் குத்துவதாவது! "அண்ணாச்சி, காலம் மாறிட்டு. தம்பி படிச்ச புள்ள, தெரியாமலா சொல்லுதான்?" என்று கேட்டது நான். அந்த மனுஷர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க நர்சா இருந்தவங்கம்மா. ஊசி போடுத எடத்துல வேற யாரும் வந்து, இப்பிடிப் போடு அப்பிடிப் போடுன்னா போடுவீயளா? வயர் இழுக்காம நான் மாட்டமாட்டேன்" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே மெயினை இறக்கிவிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்து அதைப் பார்த்துப் பார்த்து மற்ற ஏழு பெட்டிகளையும் நீயே மாட்டினாய். எல்லாவற்றையும் எர்த் வயரில் மாட்டினாய். மெயினைப் போட்டதும் எல்லா லைட்டும் உன் போன் சொன்னபடி எரிந்து அணைந்தது. "பாத்தியாம்மா? இதுக்கு ரெண்டு நாள் கேட்டாரு உங்க அண்ணாச்சி" என்றாய். தை மாதம், மழை பெய்து ஓய்ந்து மண்ணெல்லாம் குளிர்ந்து கிடந்தது. சிமெண்டுக்கு அடியிலும் அந்த ஈரம் மிச்சம் இருந்தது, அதனால் எரிந்தது. அதை உன் சாமர்த்தியம் என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன்.

நீ ஊருக்குப் போன பிறகுதான் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று தெரிந்தது. காலையில் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன், லைட் அணையும். போன் அடிக்கும். "எம்மா, பத்து மணிக்கு எதுக்கு லைட்டு? வெளிச்சந்தான் இருக்குல்லா." அந்த அடுப்படியில் பகலிலும் வெளிச்சம் கிடையாது என்பது அங்கே நின்று ஒரு நாளாவது சமைத்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். இன்னொரு நாள், "நேத்து பாத்ரூம் லைட்ட ஏழு தடவ போட்டிருக்க. சுகர் டெஸ்ட் எடு" என்றாய். அதோடு விட்டாயா? உன் மாமியாரிடமும் சொல்லியிருக்கிறாய். அந்த அம்மாள் எனக்குப் போன் போட்டு, வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறார். அறுபத்தெட்டு வயதுக்காரி எத்தனை தடவை எழுந்து போனாள் என்று சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து எண்ணுகிற பிழைப்பு எனக்கு வேண்டுமா? இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மகன் அக்கறையாக இருக்கிறான், சொன்னால் மனம் சங்கடப்படுவான் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது தப்பு.

சித்திரை பிறந்தது. உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நம் ஊர்ச் சித்திரையில் ஆற்றுக்குள்ளேயே பாறை தெரியும், சிமெண்டுக்கு அடியில் ஈரம் எங்கே நிற்கும்? உன் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கோளாறு பண்ண ஆரம்பித்தன. லைட் தானாக எரியும், அணையும். பிரிட்ஜைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்றது. கிரைண்டரைத் தொட்டாலும் அதே. அவற்றின் உடம்பிலும் அதே எர்த் வயர்தான் முடிகிறது, காய்ந்த மண் வாங்காத கரண்ட் அங்கே வந்து நின்றது. உன்னிடம் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று சொல்லாதே, மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை "உனக்குத் தோணுது" என்றாய். இரண்டாம் தடவை "பழைய பிரிட்ஜு, அப்பிடித்தான் இருக்கும்" என்றாய். மூன்றாம் தடவை என்ன சொன்னாய்? "வெறுங்காலோட தொடாதம்மா. வீட்டுக்குள்ள ரப்பர் செருப்பு போட்டுக்கோ." அப்படியானால் அதில் கரண்ட் வருகிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகு நீ கண்டுபிடித்த வைத்தியம் ஒரு ஜோடிச் செருப்பு.

நான் செருப்பு வாங்கினேன். நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு, அடுப்படி வாசலிலேயே கிடக்கும். இனி எழுதப் போகிற வரியை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இசக்கியம்மாளுக்கு நான் செருப்பு வாங்கவில்லை. பதினொரு வருடமாக நம் வீட்டில் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, மாவு ஆட்டுகிறவள். அவள் தன் செருப்பைப் புறவாசல் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். நம் வீட்டுக்குள் அவள் ஒருநாளும் செருப்போடு நடந்ததில்லை. நடக்கச் சொல்லி நானும் சொன்னதில்லை. கிரைண்டர் சுர்ரென்கிறது என்று எனக்குத் தெரியும், செருப்பு மாட்டாமல் அதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அந்தக் கிரைண்டரைக் கழுவுகிறவள் அவள் என்றும் எனக்குத் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். வேலைக்காரி செருப்புப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நடப்பதா என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது, வேறு காரணம் கிடையாது.

அன்று வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் ஒரு சத்தம், ஆள் கத்துவது மாதிரியும் இல்லை, பாத்திரம் விழுவது மாதிரியும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் இசக்கியம்மாள் மேடைக்கும் கதவுக்கும் நடுவில் கிடக்கிறாள். கை மேடை விளிம்பில் அடித்து மணிக்கட்டு கோணிக் கிடந்தது. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. ராதாபுரத்திலும் ஏரலிலும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். வழுக்கி விழுந்தவள் எப்படிக் கிடப்பாள், தூக்கி எறியப்பட்டவள் எப்படிக் கிடப்பாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டாம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஓடிப் போய் மெயினை இறக்கினேன். அடுத்த வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் வெளியே நின்று உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். "ஏலே, இசக்கியம்மாளுக்குக் கரண்டு அடிச்சிட்டுலே, நீ மாட்டுனதுதாம்லே" என்றேன். அதற்கு நீ பேசினாயே, அந்தக் குரல் இன்னும் காதில் கிடக்கிறது. அலுவலகத்தில் யாரிடமோ பேசுகிற குரல். "எம்மா, கரண்டுன்னு வாயத் தொறக்காத. போலீஸ் கேஸாயிரும். தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு. ஏதாவது குடுத்து முடிச்சிருவோம்." அவளுக்கு உயிர் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. எங்கே அடி என்று கேட்கவில்லை. நான் உள்ளே போனேன். டாக்டர் அவளிடம், "எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள், "தெரியல சார். யாரோ கையப் பிடிச்சு ஒதறி விட்ட மாதிரி இருந்துச்சி" என்றாள். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தரை ஈரம் டாக்டர். வழுக்கி விழுந்துட்டா. நான் பார்த்தேன்" என்றேன். நான் பார்க்கவே இல்லை. நர்சாக இருந்தவள் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். அதன் பிறகு அவர் இசக்கியம்மாளிடம் ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் பார்த்தார்.

கரண்ட் அடித்த ஆளுக்கு முதலில் நெஞ்சைப் பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஒரு நாளாவது வைத்துக் கவனிக்க வேண்டும். அடிபட்டபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் பிறகு என்ன ஆவார் என்று நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் தெரிந்தவள், அதைச் செய்ய விடாமல் வாயால் தடுத்தேன். கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் அவளை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். உனக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீ அதையும் பாசம் என்று எடுத்துக்கொள்வாய். பாசமாவது மண்ணாவது, அந்த ராத்திரி அவள் நெஞ்சு நின்றிருந்தால் கொன்றவள் நான்.

இது எனக்கு முதல் தடவையும் அல்ல. நீ ஏழாவது படிக்கையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாய். தொட்டி நிறைந்து வழிந்து, பின்கட்டில் குடியிருந்த தையல்காரம்மா வீட்டுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த பட்டு ரவிக்கைகள் எல்லாம் சாயம் இறங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. அந்தம்மா அழுதுகொண்டு வந்து நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குழாய் விட்டுப் போச்சுக்கா, நாங்க என்ன செய்ய?" என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்து எனக்கு உள்ளம் குளிர்ந்தது. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தம்மா அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். அன்றைக்கு உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தியிருந்தால், ஆஸ்பத்திரி வாசலில் நின்றவளுக்கு நீ அந்தப் பதிலைச் சொல்லியிருப்பாயா? கரண்டை எர்த்தில் விட நீயாகக் கற்றுக்கொண்டாய். பழியை வேறு இடத்தில் விட நான் சொல்லிக் கொடுத்தேன்.

மெயினை இறக்கியவள் மறுபடி ஏற்றவில்லை. மைதீன் அண்ணாச்சியைக் கூப்பிட எனக்கு முகமில்லை. சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் நான்கு நாள் கிடந்தேன். அந்த நான்கு நாளில் இசக்கியம்மாள் எப்படி இருக்கிறாள் என்று நீ ஒரு தடவை கேட்டாயா? மூன்றாம் நாள் உன் செய்தி வந்தது. எல்லா டிவைஸும் ஆஃப்லைன் காட்டுகிறது, என்னத்தைப் பிடுங்கி வைத்தாய் என்று கேட்டிருந்தாய். போனைத் தூக்கி எறியாமல் இருந்ததே பெரிது.

ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் மகள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அம்மாவோடுதான் இருக்கிறாள். என்னைப் பார்த்து எழுந்தாள், முகம் கொடுக்கவில்லை. உள்ளே இசக்கியம்மாள் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ராத்திரி படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கிம்மா" என்றாள். மகள் வாசலில் இருந்தே சொன்னாள்: "வயசாயிட்டு, நிதானம் இல்ல. இன்னிக்கு அங்கன வழுக்குனா, நாளைக்கு எங்கன வழுக்குவாளோ. இனி எந்த வீட்டு வேலைக்கும் விடமாட்டேன். ஆத்துக்குக் குளிக்கக்கூடத் தனியாப் போகாதன்னு சொல்லிட்டேன்." இசக்கியம்மாள் குனிந்துகொண்டாள். அவள் சம்பாத்தியம், அவள் நடமாட்டம், ஐந்து வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதை எல்லாம் நான் சொன்ன ஒரு பொய்யில் போய்விட்டது. தானாக விழுகிற கிழவி என்று அவளை ஆக்கி வைத்துவிட்டேன். நீ என்னை ஆக்கப் பார்க்கிறாயே, அதே மாதிரி.

அங்கேயே, தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாசலுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொல்லிவிட்டேன். பெட்டி, எர்த், செருப்பு, டாக்டர், உன் போன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் சொன்னது இதுதான்: "எனக்கு என்னமோ பிடிச்சு இழுத்தது நல்லாத் தெரியும்மா. ஆனா நீங்க வழுக்குனேன்னு சொன்னீய. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தவியள்லா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் மூள கொழம்பிட்டுன்னு நெனச்சிட்டேன்." ஆட்டோ பிடித்து அவளை மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அதே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார், வாங்கிக்கொண்டேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பழுதில்லை, பயத்தில் வருகிற படபடப்புதான் என்றார். போலீஸ் வந்தால் வரட்டும், நான் இங்கேதான் இருக்கிறேன்.

மறுநாள் மைதீன் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். "சொன்னேம்லாம்மா" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு உடனே வந்தார். உன் ஏழு பெட்டிகளையும் கழற்றினார். சிமெண்டை உடைத்தார். எர்த் குழாய் துருவாகக் கையோடு உதிர்ந்து வந்தது. புதுக் குழி தோண்டி, புதுக் குழாய் இறக்கி, கரண்ட் கசிந்தால் அந்த நொடியே துண்டித்துவிடுகிற சுவிட்சு ஒன்றை மெயின் பக்கத்தில் மாட்டினார். உன் சாமானைக் குறை சொல்லுவார் என்று பார்த்தேன். "சாமான் மேல குத்தம் இல்லம்மா. ஒழுங்கா நியூட்ரல் இழுத்து மாட்டுனா இது பாட்டுக்கு வேல செய்யும்" என்றார். ஹாலில் அவர் மாட்டிய இரண்டும் இப்போதும் இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை, உன் மேல்தான்.

இப்போது உன்னிடம் இருந்து எனக்கு என்ன வேண்டும் என்பதற்கு வருகிறேன். இசக்கியம்மாள் என்னை நம்புகிறாள். அவள் மகள் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய அன்று, நடந்ததை அந்தப் பெண்ணிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். பீடித் தட்டை மடியில் இருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்: "அன்னிக்கு டாக்டர்ட்ட வழுக்குனான்னு நீங்கதான சொன்னீய? நீங்களே பாத்தேன்னு சொன்னீயளாம். இன்னிக்குக் கரண்டுங்கிய. ஒங்க வீட்டுப் பாத்திரம் கழுவ ஆள் இல்ல, எங்கம்மாவத் திரும்பக் கூப்பிடணும், அதுக்கு இப்பிடி ஒரு கதையா?" நான் சத்தியம் பண்ணினேன். அவள் கேட்கவில்லை. ஒரு தடவை பொய் சொல்லும்போது என்னை நம்பினார்கள், இப்போது உண்மை சொல்லும்போது நம்ப ஆள் இல்லை. இசக்கியம்மாள் இன்னும் அந்த ஒற்றை அறையில், விழுகிற கிழவியாக, மகள் துணை இல்லாமல் தெருவில் இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்கு வா என்று நான் அவளைக் கூப்பிடவில்லை, இனிமேல் கூப்பிடவும் மாட்டேன். அவள் காலில் அவள் நடக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

நீ வர வேண்டும். பணம் அனுப்பாதே, அது அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். போனில் பேசாதே, வீடியோவில் முகம் காட்டாதே. ரயில் ஏறி வா. ஸ்டேஷனில் இறங்கி நேராக இந்த வீட்டுக்கு வராதே, நான் கதவைத் திறக்கமாட்டேன். மைதீன் அண்ணாச்சியிடம் அந்த ஏழு பெட்டிகளும் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள். கேட்கும்போது அவருக்குச் சொல்ல வேண்டியதையும் சொல். பிறகு இசக்கியம்மாள் வீட்டுக்குப் போ. அந்தப் பெண் வாசலில்தான் உட்கார்ந்திருப்பாள். இது இன்னது, இதை இந்த வயரில் மாட்டினேன், மாட்டக் கூடாது என்று ஒருவர் சொல்லியும் மாட்டினேன், உங்க அம்மா மேல் பாய்ந்தது இதுதான், வழுக்கியதாகச் சொல்லச் சொன்னவனும் நான்தான் என்று சொல். உன் பெங்களூர்ப் பேச்சில் சுற்றி வளைக்காதே, அவளுக்குப் புரிகிற மாதிரி சொல். அவள் கத்துவாள். தெருவில் ஆள் கூடும். அடித்தாலும் அடிப்பாள். உன் பெண்டாட்டிக்கு அது அவமானமாக இருந்தால், பால் காய்ச்சுகிற நாளில் என் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சொல்.

முதல் தடவை சொல்லும்போது அந்தப் பெண் நம்பமாட்டாள். அம்மா அனுப்பி மகன் வந்திருக்கிறான் என்பாள். திரும்பி வந்துவிடாதே. இன்னொரு தடவை சொல். அவள் நம்பும்வரை அந்த வாசலிலேயே நில்.